ஊட்டிக் குளிரில் டைகர் பார்ப் கூட்டம்: கடி, ஹீட்டர், தண்ணீர்

தேயிலைத்தோட்டம் | லவ்டேல்

எல்லாருக்கும் வணக்கம். மீன் தொட்டி 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒண்ணேகால் அடி. மணல், கல் போக தண்ணி 110 லிட்டர் வரும். மேல மூடி கிடையாது. 100 வாட் ஹீட்டர் ஒண்ணு, பின்னாடி தொங்குற ஃபில்டர் (பெட்டியில மணிக்கு 500 லிட்டர்னு போட்டிருக்கு). உள்ள டைகர் பார்ப் 5, ஏஞ்சல் 2, பிளெக்கோ 1.

ஏஞ்சலுக்கு அடியில நூல் மாதிரி தொங்குற துடுப்பு பாதி காணோம். வால் ஓரமும் கிழிஞ்சிருக்கு. பார்ப்லயே சின்னது ஒண்ணு ஹீட்டருக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்குது, தீனிக்குக்கூட வெளிய வர்றதில்ல. தண்ணி பகல்ல 23 டிகிரி, விடியக்காலையில 19. ஹீட்டர் 26-ல வெச்சும் இப்படித்தான்.

பார்ப்பைக் குறைக்கவா, ஏஞ்சலை எடுக்கவா? ஹீட்டரை மாத்தணுமா?

---

சோலைநீர் | குன்னூர்

பார்ப்பைக் குறைக்காதீங்க, கூட்டுங்க. ஏஞ்சலை இன்னைக்கே எடுத்துடுங்க.

டைகர் பார்ப் சுமத்ரா பக்கத்து மீன். கூட்டமா வாழுற இனம், ஆனா கூட்டத்துக்குள்ள யார் பெரியவன்ங்கிற துரத்தல் நாள் முழுக்க நடக்கும். அது சண்டை இல்ல, அதோட இயல்பு. பத்துப் பன்னெண்டு இருந்தா துரத்தல் எல்லார் மேலயும் பிரிஞ்சு போயிடும். ஒருத்தன் மேல வர்றது அரை நிமிஷத்துல அடுத்தவன் மேல திரும்பிடும். அஞ்சு மட்டும் இருந்தா கடைசியில நிக்கிற ஒண்ணே எல்லா அடியையும் வாங்கும். உங்க ஹீட்டருக்குப் பின்னால நிக்கிறது அதுதான். அது செத்தா அடுத்தது அந்த இடத்துக்கு வரும், அதுவும் போனா அடுத்தது. கடைசியில மிஞ்சுற ரெண்டு, தொட்டியில இருக்கிற வேற எதையும் நிம்மதியா விடாது.

உங்க அளவுத் தொட்டிக்கு 12 சரியா இருக்கும். 8-க்குக் கீழ போகவே கூடாது. 15-க்கு மேல போனா அந்த ஃபில்டர் தாங்காது.

ஏஞ்சல், கௌராமி, ஃபைட்டர், கப்பி, நீள வால் கோல்டு ஃபிஷ் எதுவும் இதோட சேராது. பார்ப் எண்ணிக்கையைக் கூட்டினா கடி குறையும், ஆனா மெதுவா நீந்துற நீளத் துடுப்பு மீன் கண் முன்னால இருந்தா ருசி பார்க்காம விடாது. இதுல விதிவிலக்கு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஏஞ்சலோட துடுப்பு வேர் வரைக்கும் போகலைன்னா திரும்ப வளரும். தனித் தொட்டியில 26 டிகிரி வெச்சு, லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு போட்டு, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணி மாத்துங்க (எடுத்த தண்ணிக்கு ஈடான உப்பை மட்டும் திரும்பச் சேர்க்கணும்). கிழிஞ்ச ஓரத்துல பஞ்சு மாதிரி வெள்ளையா படர்ந்தாத்தான் மருந்து. வெறும் கிழிசலுக்குச் சுத்தமான தண்ணியே போதும்.

---

வாட்கணக்கு | ஊட்டி

ஹீட்டர் பத்தி நான் சொல்றேன். கெட்டுப்போகல, அதால முடியல, அவ்வளவுதான்.

புத்தகத்துல லிட்டருக்கு ஒரு வாட்னு போட்டிருப்பாங்க. அது அறை 20 டிகிரிக்கு மேல இருக்கிற ஊருக்கு. ஊட்டி, லவ்டேல்ல டிசம்பர், ஜனவரி விடியக்காலையில வீட்டுக்குள்ளயே 10, 12 டிகிரி. தண்ணியை 25-ல வெக்கணும்னா 13 டிகிரி தூக்கணும். மூடி இல்லாத மூணடித் தொட்டி, அறையைவிட ஒவ்வொரு டிகிரி கூடுதலா இருக்கிறதுக்கும் ஏறக்குறைய 8 வாட் வெளிய விடும். 13 டிகிரிக்கு 104 வாட். அதுக்கு மேல ஆவியாதல் தனி. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகிப் போனா அது தன்னோட சேர்த்து 0.68 யூனிட் கரண்ட்டுக்குச் சமமான சூட்டைக் கொண்டுட்டுப் போகும். தினமும் ஒரு லிட்டர் குறைஞ்சா, அதுக்கு மட்டும் 28 வாட் ஹீட்டர் நாள் பூரா எரியணும். இப்ப கூட்டிப் பாருங்க, 100 வாட்ல எப்படி நிக்கும்?

வாட்டேஜ் கூட்டுறதுக்கு முன்னாடி சூடு வெளிய போறதை அடைங்க.

முதல்ல மூடி. 5 எம்எம் கண்ணாடியில ரெண்டு துண்டு, ஒயருக்கும் காத்துக் குழாய்க்கும் மூலையில வெட்டு. அடுத்து தெர்மாகோல், 25 எம்எம் கனம். பின்பக்கம், ரெண்டு பக்கவாட்டு, அடியில. அடியில வெக்கிறது தொட்டியைக் காலி பண்ணும்போதுதான் முடியும், மத்த மூணையும் இன்னைக்கே டேப் போட்டு ஒட்டிடலாம். ராத்திரி முன்பக்கமும் ஒரு ஷீட்டைச் சாத்தி வையுங்க, காலையில எடுத்துடலாம். இவ்வளவும் பண்ணினா சூடு போறது பாதிக்குப் பக்கமா குறையும்.

அப்புறம் 100 வாட் ஹீட்டர் ரெண்டு. 200 ஒண்ணோ 300 ஒண்ணோ வேண்டாம். தெர்மோஸ்டாட் (சூடு போதும்னா ஹீட்டரை அணைக்கிற சுவிட்ச்) கெட்டுப்போறப்ப பெரும்பாலும் ஒட்டிக்கிட்டு, எரிஞ்சுக்கிட்டே இருக்கும். 300 வாட் ஒட்டிக்கிச்சுன்னா அறையைவிட 35 டிகிரிக்கு மேல தூக்கிடும், மீன் வெந்துடும். 100 வாட் ஒட்டிக்கிட்டா மூடியும் தெர்மாகோலும் இல்லாத தொட்டியில 12 டிகிரிதான் ஏத்தும், அடைச்ச தொட்டியில 20 வரைக்கும் போகும். நீங்க கவனிக்க நேரம் கிடைக்கும். ஒண்ணு எரியாம நின்னா இன்னொண்ணு உயிரைக் காப்பாத்தும். ரெண்டையும் எதிரெதிர் ஓரத்துல, தண்ணி ஓடுற இடத்துல சாய்வா வையுங்க.

எஸ்டிசி-1000 மாதிரி வெளிய வெக்கிற கன்ட்ரோலர் ஒண்ணு போட்டா இன்னும் நல்லது. ஹீட்டர் ரெண்டையும் 27-ல வெச்சுட்டு கன்ட்ரோலரை 24.5-க்கு, ஒரு டிகிரி இடைவெளியோட. ஹீட்டர் மேல எழுதியிருக்கிற எண்ணை நம்பாதீங்க, ரெண்டு மூணு டிகிரி தப்பாக் காட்டுறது சகஜம். தனித் தெர்மாமீட்டர் கட்டாயம்.

தண்ணி மாத்தும்போது ஹீட்டரை அணைச்சு 15 நிமிஷம் கழிச்சுத்தான் மட்டத்தை இறக்கணும். சூடான கண்ணாடிக் குழாய் வெளிய தெரிஞ்சு அது மேல குளிர்ந்த தண்ணி பட்டா விரிசல் விடும். அந்தத் தண்ணியில கை வெக்கிறவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. தொட்டி லைனுக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) போடாம ஹீட்டர் மாட்டவே கூடாது. ஒயரை பிளக்குக்குக் கீழ தொங்கவிட்டு மேல ஏத்துங்க, வழியுற சொட்டு கீழயே விழுந்துடும்.

---

தேயிலைத்தோட்டம்

நன்றி அண்ணா. கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? இங்க மழை, காத்துன்னா மரம் விழுந்து மணிக்கணக்கா கரண்ட் இருக்காது. அப்ப என்ன செய்யணும்?

---

வாட்கணக்கு | ஊட்டி

மூடி, தெர்மாகோலோட வருஷ சராசரியா நாளைக்கு ஒரு யூனிட்டுக்குப் பக்கம். ரெண்டு மாச பில்லுல 60 யூனிட். குளிர் மாசத்துல ஒன்றரை வரைக்கும் போகும். திறந்த தொட்டின்னா இதெல்லாம் ரெண்டு மடங்கு.

கரண்ட் போனா: 110 லிட்டர் ஒரு டிகிரி குளிரணும்னா 128 வாட்-மணி சூடு வெளிய போகணும். திறந்த தொட்டியில குளிர் ராத்திரி மணிக்கு ஒரு டிகிரி வரைக்கும் இறங்கும். அடைச்ச தொட்டியில அரை டிகிரிக்குள்ள. அதாவது 25-லேருந்து 21-க்கு வர எட்டு மணி நேரம் ஆகும், ஒரு ராத்திரியைத் தாண்டிடலாம். முன்கண்ணாடியிலயும் கம்பளியைப் போத்திவிட்டா இன்னும் மெதுவா இறங்கும்.

ஹீட்டரை இன்வெர்ட்டர்ல போடாதீங்க. 150 ஆம்ப்-மணி பேட்டரியில நடைமுறையில எடுக்க முடியுறது ஆயிரம் வாட்-மணி சொச்சம். 200 வாட் ஹீட்டர் அதை அஞ்சு மணி நேரத்துல குடிச்சுடும், வீட்டுல விளக்கும் எரியாது. ஏர் பம்ப் 4, 5 வாட்தான், அதை மட்டும் இன்வெர்ட்டர்ல போடுங்க. குளிரைவிட மூச்சுத்தான் முதல் பிரச்சினை.

ரொம்ப நேரம் ஆச்சுன்னா சுடுதண்ணி பாட்டில். ரெண்டு லிட்டர் பாட்டில்ல 60 டிகிரித் தண்ணி ஊத்தி மூடி இறுக்கி மிதக்கவிட்டா, அது முழுசா ஆறும்போது 110 லிட்டரை 0.7 டிகிரி தூக்கும். நாலு பாட்டில்னா மூணு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. கொதிக்கிற தண்ணியை பிளாஸ்டிக்ல ஊத்தினா நெளிஞ்சு மூடி விட்டுடும். சுடுதண்ணியை நேரா தொட்டியில ஊத்துறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

---

கொடைத்தொட்டி | கொடைக்கானல்

வாட்கணக்கு சார் மூச்சுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிட்டார். மலையில மீன் வளர்க்கிறவங்க அதிகம் கவனிக்காம விடுறது அதைத்தான், அதனால விரிவாவே சொல்றேன்.

தண்ணியில எவ்வளவு ஆக்சிஜன் கரையும்ங்கிறதைச் சூடும் காத்தழுத்தமும் சேர்ந்துதான் முடிவு பண்ணும். கடல் மட்டத்துல 25 டிகிரித் தண்ணி லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரைக்கும் பிடிச்சு வெச்சுக்கும். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 சொச்சம். அழுத்தம் இங்க முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல. அதே 25 டிகிரித் தண்ணி இங்க 6.3 கிட்டத்தான் பிடிக்கும். அதுவும் நல்லா அலை அடிச்சா. டைகர் பார்ப் நிக்காம ஓடுற மீன், 5-க்குக் கீழ போனா திணற ஆரம்பிச்சுடும். சென்னையில இருக்கிற இடைவெளி மூணுக்கு மேல, நமக்கு ஒண்ணு சொச்சம்தான்.

மலையில குளிர்ந்த தண்ணி இருக்கே, ஆக்சிஜன் நிறைய இருக்குமேன்னு நினைப்போம். ஓடைத் தண்ணிக்கு அது சரி. நாம அதைச் சூடாக்கி 25-க்குக் கொண்டுவந்துட்டோமே, குளிரோட லாபம் அங்கயே போயிடுச்சு. உயரத்தோட நஷ்டம் மட்டும் மிச்சம்.

அதனால சமவெளிக்காரங்க எழுதுற மீன் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்காதீங்க. 15 சொன்னா நமக்கு 12. ஃபில்டர் மணிக்கு 700 லிட்டராவது உண்மையில தள்ளணும். பெட்டியில போட்டிருக்கிறது பஞ்சு இல்லாம அளந்தது, அழுக்குப் பிடிச்சதும் அதுல பாதிதான் வரும். தண்ணி விழுற இடம் மட்டத்துக்கு மேல இருந்து, மேற்பரப்பு முழுக்க நடுங்கணும். கூட ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஏர் பம்ப்ல. ரெண்டு வேலை செய்யும், கரண்ட் போனா இன்வெர்ட்டர்லயும் ஓடும்.

மூடி இறுக்கமா போட்டா உள்ள காத்து தேங்கிடும், ரெண்டு விரல் இடைவெளி விடுங்க. ஏர் பம்ப் இருக்கிற இடத்தையும் பாருங்க. கணப்பு எரியுற அறையில, கொசுவத்தி ஏத்துற அறையில பம்பை வெச்சா அந்தப் புகையைத்தான் உறிஞ்சித் தண்ணிக்குள்ள விடும். பம்பை வேற அறையில வெச்சுக் குழாயை நீட்டிக்கலாம்.

மீன் எல்லாம் விடியக்காலையில மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சுன்னா அது ஆக்சிஜன் குறைவு. பகல்லயும் செவுள் சிவந்து அப்படி நின்னா அமோனியா, அதாவது மீன் கழிவுலேருந்து வர்ற விஷம். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

---

சோலைநீர் | குன்னூர்

கொடைத்தொட்டி சொன்னதோட அமோனியாவையும் சேர்த்துப் பேசிடலாம், நம்ம தண்ணியில அது கொஞ்சம் விசித்திரமா நடந்துக்கும்.

நீலகிரியில ஓடை, அணைத் தண்ணி ரொம்ப மென்மை. டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) மீட்டர்ல ரெண்டு இலக்கம் காட்டுறது சாதாரணம். மென்தண்ணி பார்ப்புக்குப் பிடிச்சதுதான். சிக்கல் கேஎச்-ல, அதாவது அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கிற கார்பனேட் அளவுல. ஃபில்டர்ல இருக்கிற பாக்டீரியா அமோனியாவை மாத்தும்போது ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு ஏழு கிராம் சொச்சம் காரத்தன்மையைத் தின்னும். கேஎச் 1, 2-னு இருக்கிற தண்ணியில அது சீக்கிரமே தீர்ந்து, பிஎச் (அமில-கார அளவு) 7-லேருந்து 6-க்குக் கீழ சரியும். சரிஞ்சதும் பாக்டீரியா வேலையை நிறுத்தும், அமோனியா ஏறும். ஆனா மீன் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும், ஏன்னா குறைஞ்ச பிஎச்-ல அமோனியா விஷம் குறைஞ்ச அமோனியமா மாறி நிக்கும்.

ஒரு நாள் பாதித் தண்ணியை மாத்துவோம். பிஎச் 6-லேருந்து 7-க்கு ஏறும். விஷ அமோனியாவோட பங்கு ஒரேயடியா பத்து மடங்கு. அடுத்த நாள் மீன் வரிசையா மிதக்கும், "புதுத் தண்ணி ஒத்துக்கல"ன்னு சொல்லுவோம். உண்மையில பழைய தண்ணிதான் கொன்னது.

தடுக்க: கேஎச் 4-ல நிறுத்துங்க. 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா போட்டா கேஎச் ஒரு டிகிரி ஏறும். ஒரே நாள்ல ஒரு டிகிரிக்கு மேல ஏத்த வேண்டாம். மெதுவா, தானா நடக்கணும்னா கிளிஞ்சல் தூளோ பவளக் கல்லோ ஒரு கைப்பிடி, வலைப் பையில கட்டி ஃபில்டருக்குள்ள. பிஎச் இறங்க இறங்க அது கரையும், ஏறினா கரைறது நிக்கும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பாருங்க, வழவழன்னு பாசி மூடியிருந்தா கரையாது, உரசிக் கழுவணும்.

தண்ணி மாத்துறது வாரம் 20 விழுக்காடு, 22 லிட்டர். குளிர் காலத்துல குழாய்த் தண்ணி 13 டிகிரி இருக்கும். 22 லிட்டரை அப்படியே ஊத்தினா தொட்டி 25-லேருந்து 22.6-க்கு விழும். ரெண்டரை டிகிரி திடீர்னு விழுந்தா வெள்ளைப்புள்ளி நோய்க்கு நீங்களே கதவு திறந்துவிட்ட மாதிரி. நாலஞ்சு லிட்டர் சுடுதண்ணியை முதல்ல வாளியில கலந்து, தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்து 24, 25-க்கு வந்ததும் ஊத்துங்க. நகராட்சித் தண்ணின்னா ஆன்டி-குளோரின் படிகம் 100 லிட்டருக்கு ஒரு கிராம், வாளியிலயே கலந்துடணும்.

ஓடைத் தண்ணி எடுக்கிறவங்க மேல என்ன பயிர் இருக்குன்னு பார்த்துட்டு எடுங்க. கேரட், உருளை, பூண்டுத் தோட்டத்துக்குக் கீழ ஓடுற தண்ணி மருந்து அடிச்ச வாரம், அதுவும் மழை பெஞ்ச அடுத்த நாள், மீனுக்குச் சாவுதான்.

---

அடிவாரம் | மேட்டுப்பாளையம்

மீன் எடுத்துட்டு மேல போறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லோணுங்க. கடையில பையைக் கல்லு மாதிரி காத்தடிச்சுக் கட்டுனா சந்தோஷப்படறீங்க. கீழ கட்டுன பை ஊட்டி போய்ச் சேர்றப்ப கால்வாசி ஊதிடும், மேல காத்தழுத்தம் கம்மி. குன்னூர் தாண்டறப்பவே ரப்பர் பேண்டு கிட்ட கசிய ஆரம்பிச்சுரும். முக்கால்வாசி மட்டும் ஆக்சிஜன் நிரப்பச் சொல்லுங்க, தொட்டா பள்ளம் விழற மாதிரி. ரெண்டு பை, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. வத்தலக்குண்டுல வாங்கிக் கொடைக்கானல் போறவங்களுக்கும் இதேதானுங்க.

தெர்மாகோல் பெட்டி இல்லாம குளிர் காலத்துல வாங்காதீங்க. பஸ்ஸுல மடியில வெச்சுட்டுப் போனா 28 டிகிரித் தண்ணி மேல போறதுக்குள்ள 20-க்கு வந்துரும்.

டைகர் பார்ப்பை முந்தின நாளே பட்டினி போட்டுத்தான் கட்டோணும், இல்லாட்டி பைக்குள்ளயே அசிங்கம் பண்ணி அமோனியா ஏறிரும். ஒரு பையில ஆறுக்கு மேல வேண்டாம். அடைச்ச இடத்துல ஒண்ணையொண்ணு கடிக்குமுங்க.

பார்த்து எடுக்கறது: தொட்டியில கூட்டத்தோட ஓடறது, கோடு கருகருன்னு இருக்கறது, வயிறு ஒட்டாதது. தலை கீழ சாஞ்சு மூலையில நிக்கறதைச் சல்லிசா குடுத்தாலும் வேண்டாம். மூக்கு நல்லா சிவந்து ஒல்லியா இருந்தா ஆணுங்க, வயிறு உருண்டு கொஞ்சம் பெருசா இருந்தா பொண்ணு. பொண்ணு அதிகமா எடுத்துக்கோங்க, தொரத்தல் கம்மியா இருக்கும். சின்னதுல தெரியாது, ஒன்றரை இஞ்சுக்கு மேல தெரியும். சென்னை கொளத்தூர்ல இருந்து வர்ற மீன் கடைக்கு வந்த அன்னைக்கே வாங்காம, நாலு நாள் கழிச்சு வாங்குங்க. வழியில சாகறது அதுக்குள்ள செத்துருக்கும்.

---

தேயிலைத்தோட்டம்

7 புதுசு வாங்கப் போறேன். ஒவ்வொண்ணா விடவா, எல்லாம் சேர்த்தா? கீழ இருந்து வர்ற மீனை நம்ம தண்ணிக்கு எப்படிப் பழக்கறது?

---

சோலைநீர் | குன்னூர்

ஏழும் ஒரே தடவையில. ஒண்ணு ஒண்ணா விட்டா வர்ற ஒவ்வொண்ணும் அஞ்சு பேர்கிட்ட மாட்டும்.

ஆனா நேரா தொட்டிக்குப் போகக் கூடாது. 40 லிட்டர் டப்பு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், 50 வாட் ஹீட்டர், மூணு வாரம் தனியா. ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியில ரெண்டு வாரம் முன்னாடியே போட்டு ஊறவெச்சா பாக்டீரியா ஏறியிருக்கும். டப்பையும் தெர்மாகோல் பெட்டிக்குள்ள இறக்கிடுங்க, இல்லாட்டி 50 வாட் போதாது.

சமவெளித் தண்ணி டிடிஎஸ் 500, 600 இருக்கும். நம்மது 60. பையை அரை மணி மிதக்கவிட்டு அவிழ்த்துக் கொட்டினா சூடு சமமாயிருக்கும், உப்புச் சமநிலை ஆகியிருக்காது. வெளியில கேடு தெரியாம ரெண்டாம் மூணாம் நாள் சாகிறது இதுலதான். டப்புத் தண்ணியில முதல்லயே லிட்டருக்கு கால் கிராம் கல்லுப்பு போட்டு டிடிஎஸ்ஸை 300 பக்கம் கொண்டுவந்துடுங்க. மீனை ஒரு வாளியில விட்டு, காத்துக் குழாயில முடிச்சுப் போட்டு நொடிக்கு ரெண்டு சொட்டு வீதம் டப்புத் தண்ணியை இறக்குங்க. வாளித் தண்ணி மூணு மடங்கு ஆனதும் வலையில எடுத்து டப்புல விடுங்க. பைத் தண்ணி உள்ள போக வேண்டாம். வாளியும் இந்த நேரத்துல குளிரும்ங்கிறதை மறந்துடாதீங்க, சூடான டப்புத் தண்ணியில பாதி மூழ்குற மாதிரி வாளியை வையுங்க. உப்பை மூணு வாரத்துல தண்ணி மாத்த மாத்த குறைச்சுடலாம்.

பெரிய தொட்டிக்கு மாத்துற அன்னைக்கு கல்லு, கட்டை, செடி எல்லாத்தையும் இடம் மாத்துங்க. பழைய அஞ்சுக்கும் "என் இடம்"ங்கிற பிடிப்பு போயிடும். மாலையில விளக்கை அணைச்சுட்டு விடுங்க, மறுநாள் மதியம் வரைக்கும் விளக்கு வேண்டாம். அடுத்த பத்து நாள் தீனி பாதி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அமோனியா டெஸ்ட். ஏழு புது வாய்க்கு ஃபில்டர் ஈடுகொடுக்க நாள் ஆகும்.

நடுவுல நீளவாக்குல ஓட இடம் விட்டு, கட்டையும் செடியும் பின்னாலயும் ரெண்டு ஓரத்துலயும். துரத்தப்படுறது பார்வையிலேருந்து ஒரு நொடி மறைஞ்சாப் போதும், துரத்துறது விட்டுடும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் மாதிரி தடிச்ச இலை நல்லது. மெல்லிசு இலையைக் கொறிச்சுடும்.

---

கெண்டைப்பொடி | கோத்தகிரி

எல்லாம் சரி. ஆனா ஒண்ணு கேட்கணும்: இந்த மலையில இவ்வளவு ஹீட்டர் போட்டு சுமத்ரா மீன் எதுக்கு?

ரோஸி பார்ப் நம்ம நாட்டு மீன். 18-லேருந்து 22 டிகிரி அதுக்குச் சுகம். இதே மூணடித் தொட்டியில எட்டுப் பத்து விட்டா, ஆண் எல்லாம் செம்பு நிறத்துல ஜொலிச்சுக்கிட்டு இதே மாதிரி ஓடிப் பிடிச்சு விளையாடும். கொஞ்சம் துடுப்பு கடிக்கும், டைகர் அளவுக்கு இல்ல. ஊட்டியில குளிர் மாசம் மட்டும் 100 வாட் ஒண்ணு 18-ல வெச்சாப் போதும். தண்ணி 18, 20-ல நிக்கிறதால ஆக்சிஜனும் அதிகம் கரையும், கொடைத்தொட்டி சொன்ன இடைவெளி திரும்பக் கிடைச்சுடும். ஃபில்டர் பாக்டீரியா மட்டும் குளிர்ல மந்தம், புதுத் தொட்டி தயாராக ரெண்டு மாசம் பொறுக்கணும்.

காவிரிப் படுகையோட அருளியஸ் பார்ப் இன்னொண்ணு. ஜெர்டன் 1849-ல விவரிச்ச மீன். முதுகுத் துடுப்புக் கதிர் நூல் நூலா நீளும், 10, 12 சென்டிமீட்டர் வளரும், நாலடித் தொட்டி வேணும். மிஸ் கேரளாங்கிற பார்ப்புக்கும் நாலடிக்குக் குறையக் கூடாது, எம்பிக் குதிக்கும். இது ரெண்டும் இயற்கையில அருகிவர்ற மீன், அதனால சட்டம் அனுமதிக்குதான்னு பார்த்து, பண்ணையில பொரிச்சதுன்னு உறுதியாத் தெரிஞ்சா மட்டும் வாங்குங்க. காட்டு ஓடையில வலை போட்டுப் பிடிக்கிற ஆசை வேண்டவே வேண்டாம். சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள்ள அது குற்றம்.

இன்னொண்ணு, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். வேண்டாம்னு ஆன மீனை ஊட்டி ஏரியிலயோ, கொடைக்கானல் ஏரியிலயோ, எமரால்டு, பைக்காரா அணையிலயோ விடாதீங்க. டைகர் பார்ப் அந்தக் குளிர்ல செத்துடும்னு விடுறாங்க. அது செத்தாலும் அது உடம்புல இருந்த ஒட்டுண்ணி சாகணும்னு இல்ல. பிளெக்கோவும் கெளுத்தியும் கீழ பவானி வரைக்கும் அடிச்சுட்டுப் போனா அங்க பிழைச்சுக்கும். கடையில திருப்பிக் குடுங்க, இல்ல யாருக்காவது குடுத்துடுங்க.

---

சோலைநீர் | குன்னூர்

@கெண்டைப்பொடி, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நானும் ரோஸியைத்தான் சொல்லுவேன். இவர்கிட்ட டைகர் ஏற்கெனவே இருக்கு, அதை நல்லா வெச்சுக்கிற வழியை முதல்ல பார்ப்போம். ரெண்டையும் ஒரே தொட்டியில கலந்துட வேண்டாம். 22 டிகிரியில ரெண்டும் உயிரோட இருக்கும், ஆனா டைகர் மந்தமாகும், ரோஸி அதுக்கு மேல சூட்டுல வாடும்.

---

கொடைத்தொட்டி | கொடைக்கானல்

வெள்ளைப்புள்ளி பத்தி யாரும் முழுசா சொல்லலை. 19-க்கும் 23-க்கும் நடுவுல ஆடுற தொட்டியில அது வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்.

உடம்புல ரவை தூவின மாதிரி புள்ளி, கல்லுல உரசுறது, துடுப்பை மடக்கி வெச்சுக்கிறது. புள்ளி தோலுக்கடியில இருக்கிறப்ப மருந்து அதைத் தொடாது. பழுத்துக் கீழ விழுந்து, நூத்துக்கணக்குல குஞ்சு பொரிச்சு நீந்தி வர்றப்பத்தான் சாகும். 25 டிகிரியில இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள்ள முடியும். 15, 16-ல வாரக்கணக்கா இழுக்கும். அதனால குளிர்ந்த தொட்டியில மூணு நாள் மருந்து போட்டு, புள்ளி உதிர்ந்ததும் நிறுத்தினா மறுபடி வரும்.

சூட்டை நாளைக்கு ரெண்டு டிகிரிக்கு மேல ஏத்தாம 28-க்குக் கொண்டுபோங்க. 30 வேண்டாம், நம்ம உயரத்துல 29 டிகிரியிலயே ஆக்சிஜன் 6-க்குக் கீழ. ஏத்துறதுக்கு முன்னாடி கூடுதல் ஏர் ஸ்டோன் போட்டுட்டு ஏத்துங்க. கல்லுப்பு லிட்டருக்கு 2 கிராம், ரெண்டு நாள்ல பிரிச்சு, கரைச்சு ஊத்தணும். கடைசிப் புள்ளி மறைஞ்ச பிறகும் பத்து நாள் அதே நிலையில வைங்க. மணலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சைஃபன் பண்ணினா கீழ விழுந்த முட்டைக்கூடும் வெளிய போயிடும். மாலக்கைட் கிரீன் மருந்து போட்டா ஃபில்டர்ல இருக்கிற கரியை எடுத்துடுங்க, இல்லாட்டி மருந்தை அதுவே உறிஞ்சிடும். செடி உப்புக்கு வாடும், முடிஞ்சா எடுத்துத் தனியா வையுங்க.

---

தேயிலைத்தோட்டம்

ஏஞ்சல் ரெண்டையும் டப்புக்கு மாத்தியாச்சு. தெர்மாகோல் ஒட்டியாச்சு, மூடிக்குக் கண்ணாடி வெட்டச் சொல்லியிருக்கேன். ரெண்டாவது ஹீட்டர் நாளைக்கு. ஒளிஞ்சு நிக்கிற சின்னப் பார்ப்பை அதுவரைக்கும் என்ன பண்றது? தீனி என்ன, எவ்வளவு?

---

சோலைநீர் | குன்னூர்

நல்ல வேகம். சின்னதை அதே தொட்டிக்குள்ள வலைப் பெட்டியில தனியா தொங்கவிடுங்க. வெளிய எடுத்துட்டா திரும்ப விடும்போது புது ஆள் மாதிரி அடி வாங்கும். உள்ளயே மத்ததுக்குத் தெரியுற மாதிரி இருந்தா அந்தச் சிக்கல் குறையும். புது ஏழும் டப்புலேருந்து பெரிய தொட்டிக்கு மாறுற அன்னைக்கு அதையும் சேர்த்துத் திறந்துவிடுங்க.

தீனி பசியில விடாத அளவு. டைகருக்குப் பசிச்சா முதல்ல பக்கத்துல இருக்கிறதோட துடுப்புக்குத்தான் வாய் போகும். 1 எம்எம் குருணை, நாளைக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்துல தீர்ற அளவு. தொட்டியோட ரெண்டு ஓரத்துலயும் ஒரே நேரத்துல போடுங்க, ஒரு பக்கத்தைப் பெரியவன் பிடிச்சுக்கிட்டாலும் இன்னொரு பக்கம் மத்ததுக்குக் கிடைக்கும். வாரத்துல ரெண்டு நாள் உறைஞ்ச பிளட்வார்ம், கரைச்சு வடிகட்டி. ஒரு நாள் வேகவெச்ச பச்சைப் பட்டாணி, தோல் உரிச்சு நசுக்கி. உயிர் டியூபிஃபெக்ஸ் சாக்கடைப் புழு, அது வேண்டாம். தண்ணி 20-க்குக் கீழ இறங்கின நாள் தீனியைப் பாதியாக்குங்க, செரிக்காம மலத்தோட கழிஞ்சு அமோனியாதான் ஏறும்.

---

அடிவாரம் | மேட்டுப்பாளையம்

ஏழு மீனை எப்ப எடுக்கறீங்கன்னு சொல்லுங்க தம்பி. ஜனவரியில வேண்டாம், பிப்ரவரி கடைசி ஆகட்டும். அதுக்குள்ள ரெண்டு ஹீட்டரோட தொட்டி விடியக்காலையில 24-க்குக் கீழ போகுதா இல்லையான்னு பத்து நாள் எழுதி வெச்சுப் பாருங்க. போகலைன்னா மீன் எடுத்துக்கலாமுங்க. காலையில முதல் பஸ்ஸுல வந்தீங்கன்னா வெயில் ஏறறதுக்குள்ள கட்டி, மத்தியானத்துக்குள்ள வீடு போய்ச் சேர்ந்தரலாம்.